திரும்பும்போது இடது பக்கம்

மகனே,

இதைப் படித்து முடிக்கும்வரை உன் தொலைபேசியைத் தூர வை. இடையில் வாப்பா அழைத்தால் எடுக்காதே. அவருடைய குரல் காதில் விழுந்தால் நான் எழுதுவது எதையும் நீ நம்பமாட்டாய். அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. அதே கேலி, அதே சிரிப்பு, அதே அவசரம். நான் ஒவ்வொரு தடவை சொல்லத் தொடங்கும்போதும் நீ, "உம்மா, வாப்பா நல்லாத்தானே கதைக்கிறாரு" என்று முடித்துவிடுகிறாய். ஓம், நன்றாகத்தான் கதைக்கிறார். அதனால்தான் கதைக்க முடியாததை எழுதி, கட்டாருக்குத் திரும்பும் உன் கூட்டாளியின் கையில், கருவாட்டுப் பொதியோடு கொடுத்தனுப்புகிறேன். உனக்கும் எனக்கும் பதினெட்டு வயதுதான் வித்தியாசம். புத்தளம் சந்தையில் உன்னை என் தம்பி என்று நினைத்தவர்கள் உண்டு. அதனாலோ என்னவோ, உனக்குப் புத்தி சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம். இந்தத் தடவை அந்தக் கூச்சத்தை வைத்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் உன் கல்யாணம். பெண் உச்சமுனையில். நம் கண்டக்குழியிலிருந்து அந்தத் தீவுக்குக் கடலால்தான் போகவேண்டும். மாப்பிள்ளை போகும் படகை மாப்பிள்ளையின் வாப்பாதான் ஓட்டவேண்டும் என்பது உன் வாப்பாவின் குடும்பத்து வழக்கம். போன வெள்ளிக்கிழமை நீ அவரிடம், "மாப்பிள்ளப் போட்ட நீங்கதான் ஓட்டணும் வாப்பா, வேற ஆரும் இஞ்சின்ல கை வெக்கக் கூடா" என்று சொன்னதைத் தொலைபேசியின் சத்தத்தைக் கூட்டி வைத்து எனக்கும் கேட்கச் செய்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நோய் வந்தபிறகு நான் கண்டதில்லை. உடனே எழுந்து கடற்கரைக்குப் போனார். மாதக்கணக்காகக் கவிழ்ந்து கிடந்த படகை ஆள்பிடித்து நிமிர்த்தினார். நீ அன்பாகச் சொன்ன சொல் அது. அந்தச் சொல்லை நீ திருப்பி எடுக்கவேண்டும். ஏன் என்று கேட்பாய். சொல்கிறேன்.

பக்கவாதம் வந்த காலையில் அவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த ஊசி விழுந்தது, அவரும் விழுந்தார். ஆஸ்பத்திரியில் நாள்பட நாள்பட இடது கால் வந்தது, பிறகு கையும் வந்தது. வாய் கோணவில்லை. ஊரே வந்து பார்த்து, அல்லாஹ் காப்பாற்றிவிட்டான் என்று சொல்லிப் போனது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஓர் இளம் பெண் டொக்டர் என்னைத் தனியே அழைத்தார். நான் தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் கேட்டதற்கு அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னார். கண்ணில் ஒரு பிழையும் இல்லை. மூளையின் வலது பக்கம் அடிபட்டதால் அவருடைய கவனம் இடது பக்கத்துக்குப் போவதில்லை. இருட்டாகத் தெரிந்தால் மனிதன் விளக்குத் தேடுவான். இவருக்கு இருட்டும் தெரியாது. அப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்ற நினைப்பே வராது. அதனால் குறை ஒன்று உண்டு என்பதையும் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். சிலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், சிலருக்கு அப்படியே நிற்கும். சோற்றுக் கோப்பையின் இடது விளிம்பில் சிவப்பாக எதையாவது ஒட்டி, அது கண்ணில் படும்வரை பார்க்கப் பழக்குங்கள். வாகனம் வேண்டாம், படகும் வேண்டாம். இவ்வளவும் சொன்னார். நான் தலையாட்டினேன். விளங்கியது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நோய் என்னவென்று எனக்கு விளங்கியது சகனில்தான்.

அவர் சுகமானதற்காக வீட்டில் கந்தூரி கொடுத்தோம், நினைவிருக்கும். நீதான் ஆட்டுக்குச் சொல்லியிருந்தாய். சோறு போட்ட ஒரு சகனைச் சுற்றி ஆறு பேர், ஒரே தட்டில் கை. வாப்பாவின் வலது கைப்பக்கம் உன் சாச்சா உட்கார்ந்திருந்தார். நான் தாளிச்சா வாளியோடு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சாச்சாவின் சத்தம் கேட்டது.

"காக்கா, இது எண்ட எல்ல. பாஸ்போட் இல்லாம உள்ளுக்கு வாறீங்க."

"நீ காவல் காக்கத் தெரியாம இரிந்தா ஊரான் வருவான்தானே தம்பி?"

"ஊரான் வந்தாப் பரவாயில்ல. எறச்சிய மட்டும் பாத்துத் தூக்குறானே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுகமில்லாமல் கிடந்த மனிதர் பசியோடு சாப்பிடுகிறாரே என்ற சந்தோஷம். பிறகு சகன் குசினிக்கு வந்தது. பாத்திரம் கழுவ வந்த பிள்ளை, "இந்தப் பக்கம் ஆரு மாமி நோம்பு?" என்று கேட்டது. பார்த்தேன். வாப்பாவின் பங்கில் வலது பாதி துடைத்ததுபோல் இருந்தது. இடது பாதியில் சோறு குவித்தபடி, இறைச்சித் துண்டும் கத்தரிக்காயும் மேலே கிடந்தபடி, கத்தியால் கோடு கிழித்ததுபோல் நின்றது. தன் முன்னால் இருந்ததை விட்டுவிட்டுத் தம்பியின் பங்கை அவர் விளையாட்டுக்குத் தின்னவில்லை, மகனே. தன் பங்கு முடிந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறார். தனிக் கோப்பையில் சாப்பிட்டிருந்தால் எல்லோரும் கண்டிருப்பார்கள். ஒன்றாகச் சாப்பிட்டதால் அது பகிடியாகிப் போனது.

அதற்குப் பிறகு நான் பார்க்கப் பழகிவிட்டேன். கதிரையில் உட்கார்ந்து தொழுவார். கடைசியில் வலது பக்கம் முகத்தைத் திருப்பி சலாம் கொடுப்பார். பிறகு இடது பக்கம் திரும்பவேண்டும் அல்லவா? நேரே பார்த்துக் கையை ஏந்தி துஆக் கேட்கத் தொடங்கிவிடுவார். முதல் நாள் நான் சொன்னேன். "சின்ன வயசில இருந்து தொழுறன். எனக்கு சலாம் குடுக்கப் படிப்பிக்கிறியா?" என்று ஏசினார். அவர் திரும்பாத தோளில் இருக்கும் மலக்கு என்ற வானவர்தான் நம் பிழைகளை எழுதுகிறவர் என்று எனக்கு ஓதித் தந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நான் மூடநம்பிக்கைக்காரி அல்ல, உனக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தோளை நான் இப்போது பார்க்காமல் இருப்பதில்லை. தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வருவார். வலது முழங்கையில் தண்ணீர் சொட்டும், இடது கை காய்ந்திருக்கும். பத்திரிகையை எடுத்து வாசிப்பார். வரிகளின் பின்பாதியை மட்டும் வாசித்துவிட்டு, "இப்ப பேப்பர்காரனுக்கு எழுதத் தெரியல்ல புள்ள, நடுவில இருந்து தொடங்குறான்" என்று மடித்துவைப்பார். ஆனால் குர்ஆனைத் திறந்தால் ஒரு பிசகும் இல்லை. அரபு வலது பக்கத்திலிருந்து தொடங்குகிறது. கண் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. வரி இடது பக்கம் போய்த் தேயுமிடத்தில் சிறுவயதில் மனனம் செய்தது வந்து ஏந்திக்கொள்கிறது. பள்ளிவாசலில் எல்லோரும் அதைக் கேட்டுத்தான், "மூள நல்லா இரிக்கி, இப்பிடி ஓதுறாரே" என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நான் போய் என்னத்தைச் சொல்ல? ஓதுகிற மனிதனுக்குக் குறை சொன்ன பெண்சாதி என்று பெயர் வாங்கவா?

நீ வீடியோவில் பார்க்கிறாய்தானே என்பாய். நீ அழைக்கும் நேரம் வந்தால் அவருடைய தாடியின் இடது பக்கத்தை நான்தான் சீவிவிடுகிறேன். சட்டையின் இடது கையை நான்தான் இழுத்துவிடுகிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து, "மகன் இஞ்ச இரிக்கான், இஞ்ச பாருங்க" என்று மெல்லத் தட்டுகிறேன். சொன்னால் பார்ப்பார். பார்த்தால் காண்கிறார். என் கையை எடுத்ததும் அந்தப் பக்கம் மறுபடி போய்விடுகிறது. தூரத்திலிருக்கும் உன் மனம் நோகக்கூடாது என்று நான் சீவிக் காட்டிய முகத்தைத்தான் நீ பார்க்கிறாய்.

எனக்குக் கடல் என்றால் பயம். இதுதான் இந்த விஷயத்தில் எனக்கு எதிரான பெரிய சாட்சி. பத்து வயதில் மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, அளவுக்கு மேல் ஆட்கள் ஏறிய தோணியில், மழையில், கற்பிட்டிக் கரைக்கு வந்தவள் நான். அந்தத் தோணியில் எனக்குப் பக்கத்திலிருந்த ஆச்சி ஒருவர் இறங்கும்போது உயிரோடு இல்லை. அவர் மடியில்தான் நான் தலைவைத்துத் தூங்கியிருந்தேன். அதற்குப் பிறகு நான் படகில் ஏறியது கிடையாது. கடற்றொழிலாளியைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் பயந்தவள் என்று ஊரே கேலி செய்தது. உன் வாப்பா மட்டும் செய்ததில்லை. மீன்பெட்டிக்குள் பொலித்தீனில் சுற்றிப் புத்தளம் நூலகத்திலிருந்து எனக்குப் புத்தகம் கொண்டுவருவார். "இந்தப் புத்தகத்தில எல்லாம் சீலா வாசம் வருது, உங்கட வீட்டில வாசிக்கிறீங்களா, பொரிக்கிறீங்களா?" என்று நூலகத்தில் கேட்டார்களாம். எனக்கு உலகத்தைக் காட்டியவர் அவர். கடலைப் பற்றி நான் வாய் திறந்தால் மட்டும், "நீ விடு புள்ள, அது ஒனக்குத் தெரியாது" என்பார். இத்தனை வருஷமும் அது சரியாகத்தான் இருந்தது. இப்போதும் அதையே சொல்கிறார்.

படகை நிமிர்த்திய கையோடு ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். சாச்சாவைக் கூடப் போகச் சொல்லிக் கெஞ்சினேன். இருவரும் காலையில் போனார்கள். திரும்பி வந்தபோது சாச்சா படகைக் கட்டாமலேயே நேரே என்னிடம் வந்து குசினி வாசலில் குந்தினார். தண்ணீர் கேட்டார். கொடுத்த குவளையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"மதினி, போறப்ப அப்பிடி ஒரு ஓட்டம். எனக்கே வெக்கமாப் போச்சு, மனுசன சந்தேகப்பட்டமே எண்டு. கல்லு, திட்டு எல்லாம் மயிரிழையில விலத்திப் போறாரு."

"பொறகு?"

"திரும்பக்குள்ள ஒரு வெள்ளக்காரன், அந்தப் பட்டத்தில தொங்கிக்கிட்டுத் தண்ணில வழுக்குவானுகளே, அவன் எடது பக்கத்தால வாறான். காக்கா கண்டு விலத்துவாரு எண்டு நான் பாத்துட்டு இரிக்கன். விலத்துறாரில்ல. கத்துறன். 'என்னடா?' எண்டு எண்ட மொகத்தப் பாக்குறாரு. பாய்ஞ்சு இஞ்சின நான் திருப்பினன். அவன்ட காலுக்கும் நம்மட போட்டுக்கும் நடுவில ஒரு சாண் கூட இல்ல."

"அவரு என்ன சொன்னாரு?"

சாச்சா குவளையைக் கீழே வைத்தார். "'எந்த வெள்ளக்காரன்?' எண்டு கேட்டாரு, மதினி."

அதோடு முடியவில்லை. கரைக்கு வரும்போது நம் துறையைத் தாண்டி, வலது பக்கமாகவே போய், உல்லாசப் பயணிகளின் கொட்டில்கள் இருக்கும் இடத்தில் படகை ஏற்றப் பார்த்திருக்கிறார். சாச்சா சொன்னதற்கு, "மணல் அரிச்சுக் கர தள்ளிப் போச்சு" என்றாராம். கரை தள்ளிப் போகவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள நான் அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மணலில் உட்கார்ந்தோம். விளையாட்டுப்போல் கேட்டேன். கண்ணை மூடுங்கள், நீங்கள் கடலில் இருந்து வருகிறீர்கள், கரை தெரிகிறது, என்னென்ன காண்கிறீர்கள்? அவருக்கு இந்த விளையாட்டுப் பிடித்தது. ஐஸ் அடிக்கும் கொட்டில், உல்லாசக்காரரின் ஓலைக் கூரைகள், தென்னந்தோட்டம், தூரத்தில் நுரைச்சோலைப் புகைக்கூண்டு என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் கடலிலிருந்து வருகிறவனுக்கு வலது பக்கம் இருப்பவை. நிறுத்திவிட்டார். "வேற?" என்றேன். "வேற என்ன இரிக்கி கண்டக்குழில?" என்று சிரித்தார்.

பள்ளிவாசல் இல்லை. சாச்சாவின் வீடு இல்லை. நம் வீடு இல்லை.

பிறகு மற்றப் பக்கமாகக் கேட்டேன். இப்போது கரையில் நின்று கடலைப் பார்க்கிறீர்கள், படகைத் தள்ளப் போகிறீர்கள், இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது? உடனே பள்ளிவாசல் மினாரா வந்தது. சாச்சாவின் வேலி வந்தது. நம் வீட்டு நீலத் தண்ணீர்த் தாங்கி வந்தது. "தாங்கிக்குப் பக்கத்தில நீ நிண்டுக்கிட்டு, தொப்பிய மறந்திட்டுப் போறீங்க எண்டு கத்துவ" என்று என்னையும் சொன்னார். இந்தத் தடவை புகைக்கூண்டு இல்லை, தென்னந்தோட்டம் இல்லை. கண் மூடியிருந்தது, மகனே. அவர் எதையும் பார்க்கவில்லை. மனத்துக்குள் இருக்கும் ஊரிலேயே ஒரு பக்கம் இல்லை. கடலுக்குப் புறப்படும்போது நாமெல்லாம் இருக்கிறோம். திரும்பி வரும்போது நாம் இல்லை. 

இனி உன் கல்யாணப் பயணத்தை யோசித்துப் பார். உச்சமுனைக்குப் போகும்போது இடது பக்கம் வெறும் கடல். தீவுகளும் கல்லும் திட்டும் வலது பக்கம். வாப்பா திறமாக ஓட்டுவார். நீ என்னைப் பார்த்துச் சிரிப்பாய், உம்மா சும்மா பயப்பட்டாள் என்று. பெண் வீட்டாரும் மெச்சுவார்கள். மறுநாள் வலீமா விருந்துக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்குத் திரும்பவேண்டும். அப்போது கல்லும் திட்டும் இடது பக்கம். உன் மனைவி, அவளுடைய உம்மா, தங்கச்சிமார், பட்டுச் சீலையோடும் நகையோடும் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆட்கள் நிறைந்த தோணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கல்யாணச் சத்தத்தில் யார் கத்தினாலும் கேட்காது. கேட்டாலும் அவர் கத்தியவரின் முகத்தைத்தான் பார்ப்பார்.

சாச்சா ஓட்டட்டும் என்று நான் கேட்டுப் பார்த்தேன். அன்று வாப்பா சாப்பிடவில்லை. "எண்ட மகன்ட கலியாணத்தில என்னச் சாமானாட்டம் ஏத்திக்கிட்டுப் போகப் போறீங்களா?" என்றார். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். "அவ கடலக் கண்டிருப்பாளா?" என்றார். கடைசியில் அவரே ஒரு வாசல் திறந்துவிட்டார். "மகன் சொல்லட்டும். அவன் வேணாம் எண்டு சொன்னா நான் இஞ்சின்ல கை வெக்கமாட்டன், வல்லாஹி." சத்தியம் செய்துவிட்டார். நீ சொல்லமாட்டாய் என்ற நம்பிக்கையில் செய்த சத்தியம் அது. ஆனால் அவர் சத்தியத்தை முறிப்பவர் அல்ல.

ஆகவே வேண்டாம் என்று நீ சொல்லவேண்டும். தொலைபேசியில் சொல்லாதே. வந்து, அவருடைய வலது பக்கம் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல். அவர் உடைந்துபோவார். உன்னோடு சில நாள் கதைக்காமலும் இருப்பார். கல்யாணத்தன்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உன் பக்கத்தில் இருப்பார். இருக்கட்டும். உன் பக்கத்தில் உயிரோடு இருப்பார். உனக்கு இன்னும் சந்தேகம் இருந்தால், வந்திறங்கிய உடனே அவரைக் கட்டிப்பிடிக்காமல், சத்தம் காட்டாமல், அவருடைய இடது பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார். இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கண்ணால் காணாததை நீ நம்பமாட்டாய். அந்த விஷயத்தில் நீ அவருடைய மகன்.

கல்யாணம் கட்டப்போகிறவனுக்கு உம்மா சொல்லவேண்டிய புத்திமதி என்று எதையோ நான் பல நாளாக யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. மிஞ்சியது ஒன்றுதான். ஒரு பக்கத்தைப் பார்க்காதவனிடம் போய், எல்லாம் சரியா என்று கேட்டால், சரி என்றுதான் சொல்வான். அவன் பொய் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் நிற்கிறவரைத்தான் கேட்கவேண்டும். நாளைக்கு உன் மனைவி உன்னிடம், "இங்கே ஒன்று இருக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை" என்று சொல்வாள். உன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அப்போது, அது உனக்குத் தெரியாது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. தலையைத் திருப்பு. ஒன்றுமே இல்லாவிட்டாலும் திருப்பு. வலீமாவுக்கு வரும்போது நானும் அந்தப் படகில் ஏறுவேன், இன்ஷா அல்லாஹ். ஏறவேமாட்டேன் என்றிருந்தவள் ஏறுவேன். யார் ஓட்டினாலும் இடது பக்கம்தான் உட்காருவேன்.

இதை எழுதும் இடத்திலிருந்து எனக்குக் கடற்கரை தெரிகிறது. கல்யாணத்துக்காக வாப்பா படகுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம், இஞ்சினடியில் தனக்குப் பழகிய இடத்தில் உட்கார்ந்து உள்பக்கம் முழுவதும் அடித்தார். இப்போது எழுந்து தூரிகையைக் கடல் தண்ணீரில் கழுவுகிறார். குறுக்குப் பலகைகளின் வலது பாதி வெயிலில் கண் கூசுகிறது. இடது பாதி பழைய நீலத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்து விளிம்பில் நான் கட்டிவைத்த சிவப்புத் துணி காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது.

"முடிஞ்சுது புள்ள!" என்று கூப்பிடுகிறார். "வந்து பாரு, மாப்பிள்ளப் போட்டு எவ்வளவு அழகா இரிக்கி!"

நான் போய் அழகாக இருக்கிறது என்றுதான் சொல்லப்போகிறேன். வேண்டாம் என்பதை நீ சொல்.

உன் உம்மா